ஆதி உயிரின் தடம் தேடுபவருக்கு ஒரு கைலென்ஸ்: 10 மடங்கு டிரிப்லெட், என் மதிப்பீடு

பழம்பாறைகளில் உயிரின் முதல் தடங்களைத் தேடும் வேலைக்கு வரும் மாணவர்கள், சொந்தமாக முதலில் எதை வாங்குவது என்று கேட்பார்கள். சுத்தியலை யாராவது இரவல் தருவார்கள். திசைகாட்டி துறையிலேயே இருக்கும். மைக்ராஸ்கோப், மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் எல்லாம் எந்தக் காலத்திலும் நம் சொந்தமாகப் போவதில்லை. மூன்று வில்லைகளை ஒட்டிச் செய்த நல்ல 10 மடங்கு கைலென்ஸ் ஒன்றை மட்டும் சொந்தக் காசில் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள் என்பேன். கடையில் 'டிரிப்லெட்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். பல நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. நான் எழுதுவது இந்த வகையைப் பற்றி.

என் தீர்ப்பு இதுதான்: ஆதி உயிர் ஆராய்ச்சியில் ஒருவர் செய்யும் முடிவுகளில் பெரும்பாலானவை 'இது வேண்டாம்' என்ற முடிவுகள். அவற்றைப் பாறையின் முன்னாலேயே எடுக்க வைக்கும் ஒரே கருவி இது. ஆய்வகத்துக்குப் போன பிறகு வேண்டாம் என்று தெரிந்தால், மூட்டை மூட்டையாகக் கல் சுமந்ததும் வீண், ஒரு பாறைமுகத்தை உடைத்ததும் வீண். அந்தப் பாறைமுகம் மறுபடி வளராது.

முதலில் பொருளைப் பார்ப்போம். உள்ளே மூன்று கண்ணாடி வில்லைகள் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டிருக்கும். நடுவில் ஒரு வகைக் கண்ணாடி, இரு பக்கமும் வேறு வகை. ஒளி வளையும்போது நிறங்கள் பிரிந்து சிதறுவதை இந்தக் கூட்டு பெரும்பாலும் சரிசெய்துவிடும். ஒற்றை வில்லை லென்ஸில் கருமையும் வெண்மையும் சந்திக்கிற இடமெல்லாம் நீலமும் ஆரஞ்சுமாக ஒரு விளிம்பு தெரியும். பூச்சியோ பூவோ பார்ப்பவருக்கு அது பெரிய தொல்லையாக இருக்காது. எங்களுக்கு அது பெருந்தொல்லை. நாங்கள் பார்ப்பதே அரை மில்லிமீட்டருக்கும் குறைவான கரிய, வெளிறிய அடுக்குகளைத்தான். அந்த அடுக்கின் ஓரத்தில் தெரியும் மெல்லிய ஆரஞ்சு, இரும்பு ஆக்சைடு படிந்த கறையா, லென்ஸ் போட்ட சாயமா என்று திகைக்க வைக்கிற கருவியை வைத்துக்கொண்டு குறிப்பேட்டில் என்ன எழுத முடியும்?

வாங்கும்போது இரண்டு சோதனைகள் போதும். கட்டம் போட்ட தாளை லென்ஸில் பாருங்கள். ஓரத்திலும் கோடுகள் வளையாமல், நிறம் பூசாமல் இருக்க வேண்டும். அடுத்து, தூரத்து ஜன்னலின் பிம்பத்தை லென்ஸ் வழியாக வெள்ளைத் தாளில் கூர்மையாக விழவைத்து, லென்ஸுக்கும் தாளுக்கும் உள்ள தூரத்தை, அதாவது குவியத்தூரத்தை, அளந்து பாருங்கள். 250-ஐ அந்த மில்லிமீட்டர் அளவால் வகுத்தால் எத்தனை மடங்கு என்று தோராயமாக வந்துவிடும். 10 மடங்கு என்றால் 25 மில்லிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டும். '30 மடங்கு' என்று பொறித்து, அகலமான கண்ணாடியோடு வரும் மலிவு லென்ஸ்களை இந்தச் சோதனைக்கு உட்படுத்துங்கள். உண்மையில் 30 மடங்கு என்றால் குவியத்தூரம் 8 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்க வேண்டும். அவ்வளவு அகலமான ஒற்றைக் கண்ணாடியில் அது நடக்கிற காரியமில்லை.

அப்படியானால் நிஜமான 20 மடங்கு வாங்கலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். குவியத்தூரம் 12.5 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். பாறை மூக்கில் இடிக்கும், தொப்பியின் நிழல் பாறைமேல் விழும், மேடுபள்ளமான பரப்பில் ஒரு புள்ளி தெளிந்தால் பக்கத்துப் புள்ளி கலங்கும். எங்களுக்கு ஓர் அடுக்கைத் தனியாகப் பார்ப்பதால் பயனில்லை. அதன் மேலும் கீழும் உள்ள அடுக்குகள் அதோடு எப்படி இணைந்து போகின்றன என்பதுதான் கேள்வி. 10 மடங்கில் அந்த அக்கம்பக்கம் கண்ணுக்குள் நிற்கும். 20 மடங்கு லென்ஸ் பையின் அடியில் கிடக்கட்டும், எப்போதாவது ஒரு படிகத்தின் முனையைப் பார்க்க உதவும்.

பயன்படுத்தும் முறையைச் சொல்லித் தராமல் லென்ஸை மட்டும் கையில் கொடுத்தால் புதியவர்கள் துப்பறிவாளர் போலக் கையை நீட்டிப் பிடிப்பார்கள். லென்ஸ் கண்ணோடு ஒட்டியிருக்க வேண்டும், கைக்கல்லை அதை நோக்கிக் கொண்டுவர வேண்டும். கல் பாறையோடு பாறையாக இருந்தால் நாம்தான் மண்டியிட்டு முகத்தைக் கொண்டுபோக வேண்டும். இரண்டு கண்களும் திறந்திருக்கட்டும். வெளிச்சம் பக்கவாட்டில் சாய்வாக விழுந்தால் மேடுபள்ளம் எழுந்து தெரியும். அதனால் காலையும் மாலையும் எங்களுக்குப் பொன்னான நேரம். நடுப்பகலில் பரப்பைத் தண்ணீரால் நனைத்துப் பார்த்தால் நிற வேறுபாடு தெளிவாகும்.

புதியவர்கள் நம்ப மறுக்கும் ஒரு செய்தி: கருஞ்செர்ட் என்ற, சிலிக்காவாலான இறுகிய கரும்பாறையை உடைத்துப் புது முகத்தைப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. கண்ணாடிபோல வளைந்து உடைந்து, கன்னங்கரேலென்று பளபளக்கும். வெயிலும் மழையும் தின்ற பழைய முகத்தில்தான் கதை இருக்கும். டோலமைட் என்ற கார்பனேட் கனிமம் கரைந்து பழுப்பேறிப் பின்வாங்கியிருக்கும், சிலிக்கா ஏறிய அடுக்குகள் கரையாமல் முன்னே துருத்தி நிற்கும். மயிரிழை போன்ற அடுக்குகளைக்கூட அந்தத் துருத்தலில் லென்ஸ் எண்ணிக் காட்டும். சுத்தியலுக்கு முன் லென்ஸ் என்று நான் விடாமல் சொல்வதற்கு இதுவும் காரணம்.

இனி, இந்த லென்ஸ் எங்கள் வேலையில் எதைத் தீர்க்கிறது, எதைத் தீர்க்காது என்று சொல்ல வேண்டும். இந்த மதிப்பீட்டின் உயிர்நாடி அதுதான்.

ஸ்ட்ரோமாடோலைட் என்பது நுண்ணுயிர்ப் படலங்கள் வண்டலைப் பிடித்தும் கட்டியும், தாதுக்கள் படியவைத்தும் அடுக்கடுக்காக எழுப்பிய கட்டுமானம். ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில், ஹாமலின் குளத்தில், இன்றைக்கும் அது வளர்கிறது. ஆனால் உயிரே இல்லாமலும் அடுக்கடுக்கான குவிமாடங்கள் உருவாகும். 1996-ல் ஜான் கிராட்ஸிங்கரும் டேனியல் ரோத்மனும், படிவு விழுவதும் பரப்பில் தாது ஒட்டுவதும் சேர்ந்தாலே இத்தகைய வடிவம் வந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஆக, வடிவத்தைத் தூரத்தில் பார்த்து மகிழ்ந்தால் போதாது. உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

உள்ளே என்ன பார்ப்பது? ஓர் அடுக்கை விரல்நுனியால் தொடர்ந்துகொண்டே லென்ஸில் பின்தொடருங்கள். சரிவிலும் உச்சியிலும் ஒரே கனமாக, அச்சில் வார்த்ததுபோல ஓடினால், தாது தானாகப் படிந்திருக்கலாம் என்ற சந்தேகம் வலுக்கிறது. உச்சியை நெருங்கும்போது கனம் கூடி, சரிவில் மெலிந்து, சுருக்கம் சுருக்கமாகப் போனால் உயிர்ப்படலத்தின் பக்கம் தராசு சாய்கிறது. அடுத்து துகள்கள். உதிரி மணல் சுமார் 30 முதல் 35 பாகைக்கு மேல் சரிவில் நிற்காது, உருண்டுவிடும். அதைவிடச் செங்குத்தான ஓர் அடுக்கின் மேல் மணல் துகள்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தால், அவற்றை ஏதோ ஒன்று பிடித்து வைத்திருந்தது என்று பொருள். அந்தப் பிசுபிசுப்பு எதனுடையது என்பதே அடுத்த கேள்வி. மூன்றாவது, அடுக்குகளை ஊடுருவி மேல்நோக்கி விசிறிபோல விரியும் ஊசிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் கடலடியில் நேரடியாக வளர்ந்த படிகங்கள் அவை. நீங்கள் பார்க்கும் குவிமாடத்தில் அவற்றின் பங்கு எவ்வளவு என்று கேட்டாக வேண்டும்.

இந்த மூன்றையும் ஒரு கைலென்ஸ் காட்டிவிடும். பாறையை உடைக்க வேண்டாம், மின்சாரம் வேண்டாம்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாராவில் இந்தப் பார்வையின் வரலாறே இருக்கிறது. 1980-ல் அங்கே, நார்த் போல் என்ற பெயருள்ள பாரைட் என்ற கனிமம் வெட்டும் இடத்தில், மால்கம் வால்ட்டர், ரோஜர் பியூக், ஜான் டன்லப் மூவரும் சுமார் 350 கோடி ஆண்டுப் பழமையான ஸ்ட்ரோமாடோலைட்டுகளை அறிவித்தார்கள். அதே ஆண்டு டொனால்ட் லோவும் பில்பாராவிலிருந்து அறிவித்தார். 1994-ல் அதே லோ, 320 கோடி ஆண்டுகளுக்கு முந்தையவை என்று சொல்லப்பட்டவற்றை உயிரில்லாமலே விளக்கலாம் என்று எழுதினார். தான் அறிவித்ததையே தான் கேள்விக்குள்ளாக்கிய அந்தக் கட்டுரையை மாணவர்களுக்கு நான் தவறாமல் படிக்கத் தருகிறேன். இந்தத் தொழிலின் நேர்மை அதில் இருக்கிறது. பிறகு 2006-ல் அபிகெய்ல் ஆல்வுட் குழுவினர், 343 கோடி ஆண்டுப் பழமையான ஸ்ட்ரெல்லி பூல் பாறைகளைக் கிலோமீட்டர் கணக்கில் நடந்து வரைந்து, ஏழு விதமான வடிவங்களையும், அவை பழைய கடல்திட்டின் எந்தெந்தச் சூழலில் வளர்ந்தன என்பதையும் காட்டினார்கள். ஒற்றைக் குவிமாடத்தை வைத்து வாதாடாமல் ஒரு திட்டையே சாட்சிக்கு அழைத்த வேலை அது. அந்த மாதிரி வேலைக்கு அடித்தளம், அடிக்கொரு தரம் குனிந்து லென்ஸில் பார்ப்பதுதான்.

லென்ஸ் எங்கே நிற்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெறுங்கண் பிரித்தறியும் எல்லை ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். லென்ஸ் அதைப் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறக்கித் தரும் என்பது கணக்கு, வெயிலில் கை நடுங்க நிற்கும்போது அவ்வளவு கிடைக்காது. நுண்ணுயிர்களின் இழைகள் சில மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு, அகலம். அவற்றை 30 மைக்ரான் அளவுக்குத் தேய்த்த மெல்லிய பாறைச் சீவலில், மைக்ராஸ்கோப்பின் கீழ்தான் தேட வேண்டும். 1954-ல் ஸ்டான்லி டைலரும் எல்சோ பார்கூர்னும் கனடாவின் 188 கோடி ஆண்டுப் பழமையான கன்ஃபிளின்ட் செர்ட்டில் நுண்ணுயிர்ப் புதைபடிவங்களை அறிவித்தது அந்த வழியில்தான். டைலர் அங்கே போனது இரும்புப் பாறை ஆராய. இந்தத் துறையில் பலருக்கு இன்றும் சோறு போடுவது கனிமத் தேடல்தான் என்பதையும் வேலை தேடும் இளையவர்கள் தெரிந்துகொள்ளட்டும். துளையிட்டு எடுத்த பாறைத் தண்டுகளை அடுக்கிய துளைமாதிரிக் கிடங்கில் கையிலும் கண்ணிலும் ஏறும் பழக்கம் பிற்காலத்தில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்காது.

ஆனால் சீவல் எங்கிருந்து வந்தது என்பதைத் தீர்மானிப்பது மறுபடியும் லென்ஸ்தான். 1993-ல் வில்லியம் ஷாஃப், பில்பாராவின் சுமார் 346 கோடி ஆண்டுப் பழமையான ஏபெக்ஸ் செர்ட்டில் 11 வகை நுண்ணிழைகளை விவரித்தார். 2002-ல் மார்ட்டின் பிரேசியர் குழு அந்த இடத்துக்கே திரும்பிப் போய், அந்தச் செர்ட் கடலடிப் படிவு இல்லை, வெந்நீர் மேலேறிய வெடிப்பை நிரப்பிய செர்ட் என்றும், அந்த இழைகள் கரிப்பொருள் படிகங்களைச் சுற்றி ஒதுங்கியதால் வந்த தோற்றம் என்றும் வாதிட்டது. அந்த வாதம் ஓய இன்னும் எத்தனை காலம் ஆகுமோ. களத்தில் நிற்பவர் எடுத்துக்கொள்ள வேண்டியது இது: ஒரு கருஞ்செர்ட்டின் முன் நின்றால், அது சுற்றியுள்ள படிவு அடுக்குகளோடு போகிறதா, அவற்றை வெட்டிக்கொண்டு போகிறதா, கூர்முனைத் துண்டுகள் வேறொரு செர்ட்டுக்குள் புதைந்திருக்கின்றனவா, எது முந்தியது எது பிந்தியது என்று லென்ஸை வைத்துப் பொறுமையாக வாசியுங்கள். இதைக் குறிப்பேட்டில் எழுதாமல் எடுத்து வந்த கல், எத்தனை விலையுயர்ந்த கருவிக்குள் போனாலும் ஊமைதான்.

மூன்றாவது பரிமாணம் என்று ஒரு விஷயம் உண்டு. 2016-ல் ஆலன் நட்மன் குழு கிரீன்லாந்தின் இசுவாவில் 370 கோடி ஆண்டுப் பழமையான ஸ்ட்ரோமாடோலைட்டுகளை அறிவித்தது. 2018-ல் ஆல்வுட் குழு அதே பாறையை முப்பரிமாணமாகப் பார்த்து, கூம்புபோலத் தெரிந்தவை உண்மையில் நீண்ட வரப்புகள் என்றும், பாறை நசுங்கி மடிந்ததால் வந்தவையாக இருக்கலாம் என்றும் எழுதியது. ஒரு பக்கத்தில் கூம்பு தெரிந்தால், அதைச் செங்குத்தாக வெட்டும் இன்னொரு பக்கத்தைத் தேடிப் போய் லென்ஸ் வையுங்கள். கூம்பு என்றால் அங்கும் கூம்பாகத் தெரியும். வரப்பு என்றால் அங்கே நேர்கோடாகப் படுத்துவிடும். இதை லென்ஸ் தானாகச் செய்யாது, கழுத்தில் தொங்குகிற லென்ஸ் நினைவூட்டும்.

வெளிமுகம் மறைத்துவிடுகிற சிலவற்றை எந்த லென்ஸாலும் மீட்க முடியாது. பில்பாராவின் டிரெஸ்ஸர் பாறைகளின் ஸ்ட்ரோமாடோலைட்டுகளில் பைரைட் என்ற இரும்பு சல்பைடு கனிமமெல்லாம் பரப்பில் துருவாகிப் போயிருக்கும். ஆழத்தில் துளையிட்டு எடுத்த புதிய மாதிரிகளில்தான், கரிமப்பொருள் பைரைட்டுக்குள் பத்திரமாக இருப்பதை 2019-ல் காட்டினார்கள். துருப்பிடித்த மேல்முகத்தை மட்டும் பார்த்து 'ஒன்றுமில்லை' என்று எழுதுவதும் அவசரம்தான்.

குறைகள் உண்டு. நான் வைத்திருந்த ஒன்றில் மூடியையும் வளையத்தையும் சேர்க்கும் ஆணி நாளடைவில் தளர்ந்து, லென்ஸ் தானாக வெளியே தொங்க ஆரம்பித்தது. கயிறு நுழையும் துளையின் விளிம்பு கூர்மையாக இருந்து கயிற்றை அறுப்பதும் பொதுவான குறை; நடுவில் ஒரு சின்ன உலோக வளையம் மாட்டிவிட்டால் தீர்ந்தது. மூடி தூசியைத் தடுக்காது. படிந்திருப்பது குவார்ட்ஸ் தூசி, கண்ணாடியைக் கீறும். அதனால் சட்டை நுனியால் துடைக்கும் பழக்கத்தை விடுங்கள், முதலில் ஊதித் தள்ளிவிட்டு, பிறகு மென்துணியால் தொடுங்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலச் சொட்டை விட்டுப் பார்க்கும்போது நுரை அடங்கும்வரை லென்ஸைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், உலோகமும் கண்ணும் இரண்டும் முக்கியம். வண்டியின் முகப்பில் வெயிலில் விட்டால் வில்லைகளை ஒட்டிய பசை கெடலாம், திறந்த லென்ஸ் வெயிலைக் குவித்துத் தீயும் மூட்டலாம்.

விளக்கு வைத்த லென்ஸ்கள் இப்போது நிறைய வருகின்றன. வெளிச்சம் நேராக, சுற்றிலும் விழுவதால் மேடுபள்ளம் தட்டையாகிவிடுகிறது. களத்தில் எனக்கு அது உதவவில்லை. மங்கலான துளைமாதிரிக் கிடங்கில் மட்டும் கைகொடுக்கும். செல்பேசியை லென்ஸின் மேல் வைத்துப் படமெடுப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். பதிவுக்கு நல்லது, அளவுகோலைப் படத்துக்குள் வைத்தால் இன்னும் நல்லது. ஆனால் பார்ப்பது என்பது கல்லைச் சாய்த்து, திருப்பி, ஒரு படிகத்தின் முகம் பளிச்சிடும் கோணத்தைத் தேடுவது. படம் அதைச் செய்யாது. படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடும் மாணவரை நான் திரும்ப அழைத்து, பார்த்ததை வரையச் சொல்வேன்.

இத்தனை சின்னப் பொருளுக்கு இவ்வளவு மரியாதையா என்று நினைப்பவர்கள் செவ்வாயைப் பார்க்கலாம். 2012-ல் அங்கே இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியின் கையில் இருக்கும் அண்மைக் கேமராவுக்கு 'மார்ஸ் ஹேண்ட் லென்ஸ் இமேஜர்' என்றே பெயர். பாறையைத் தொடாத குறையாக நெருங்கி, ஒரு புள்ளிக்குச் சுமார் 14 மைக்ரான் என்ற அளவில் படமெடுக்கும். 2021-ல் இறங்கிய பெர்சிவரன்ஸின் கையில் பாறையின் வேதியியலைப் புள்ளி புள்ளியாக வரையும் பிக்சல் என்ற எக்ஸ்ரே கருவி இருக்கிறது. அதைத் தலைமையேற்று உருவாக்கியவர் பில்பாராவில் நடந்து நடந்து வரைந்த அதே ஆல்வுட். அடுக்கையும் துகளையும் வேதியியலையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற பழக்கம் அவரோடு அங்கே போயிருக்கிறது.

வாங்குபவர்களுக்கு இரண்டு குறிப்புகள். ஒன்றாக வாங்காமல் இரண்டாக வாங்கி, இரண்டாவதை முகாமில் வையுங்கள். ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் லென்ஸ் தொலைந்தால் அந்தப் பருவமே தடுமாறும். கண்ணாடி அணிபவர்கள் 18 அல்லது 21 மில்லிமீட்டர் அகலமுள்ள வில்லையைத் தேர்ந்தெடுங்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்ற வேண்டியதில்லை, அதன்மேலேயே லென்ஸை ஒட்டிப் பிடித்தால் பார்வைப்பரப்பு கொஞ்சம் குறையும், தெளிவு குறையாது.